தன் பெயரில் ஓர் இதழ்: வை. மு. கோதைநாயகி அம்மாள்

இவ்வகுப்பில் தமிழ் பேசத் தெரியாதவர் எவருமிலர். வீட்டில் அம்மாவோடு தமிழ், தெருவில் நண்பரோடு தெலுங்கு, பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் என நான்கு மொழிகள் உங்கள் நாவில் புழங்குகின்றன. பாட்டி சொன்ன கதையைச் சொல்லுங்கள் என்றால், தடையின்றிச் சொல்கிறீர்கள். பேயும் புலியும் வகுப்பறைக்குள் வந்து நிற்கின்றன. அதே கதையைத் தாளில் எழுதுங்கள் என்றவுடன் எழுதுகோல் நின்றுவிடுகிறது. 'ற'வா, 'ர'வா? 'ள'வா, 'ல'வா? கதை நெஞ்சிலேயே தங்கிவிடுகிறது. ரேணிகுண்டாவுக்குப் பணிமாறுதல் பெற்று வந்த நாள்முதல் இக்காட்சியை நான் ஆண்டுதோறும் காண்கிறேன். ஆகவே இவ்வாண்டுப் பாடமாக, கதை சொல்லத் தெரிந்தும் எழுதத் தெரியாதிருந்த ஒருவரின் வாழ்க்கையைத் தேர்ந்தெடுத்தேன். அவர் பின்னாளில் 115 புதினங்கள் எழுதினார். அவற்றை வெளியிடத் தமக்கென ஓர் இதழையும் ஓர் அச்சகத்தையும் நடத்தினார். அவரே வை. மு. கோதைநாயகி அம்மாள்.

கோதைநாயகி 1901ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள், ஒரு வைணவக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் பெயர் வெங்கடாச்சாரி, தாயார் பட்டம்மாள். குழந்தைக்கு ஓராண்டு நிரம்பும் காலத்திலேயே தாயார் மறைந்தார். பாட்டியும் மற்ற உறவினரும் வளர்த்தனர். ஐந்தரை வயதில் அவருக்குத் திருமணம் நடந்தது. மணமகன் பார்த்தசாரதிக்கும் சிறு வயதே. உங்களுக்கு இது வியப்பாக இருக்கும். குழந்தை மணத்தைத் தடுக்கும் சட்டம் 1929ஆம் ஆண்டில்தான் இயற்றப்பட்டது. இத்திருமணம் நடந்ததோ 1907ஆம் ஆண்டில். பள்ளிக்கூடம் சென்று படிக்கும் வாய்ப்பு அச்சிறுமிக்குக் கிட்டவில்லை.

புகுந்த வீடு சென்னைத் திருவல்லிக்கேணியில் இருந்தது. வை. மு. என்பது வைத்தமாநிதி முடும்பை என்னும் குடிப்பெயரின் சுருக்கம். கம்பராமாயணத்துக்கு உரை வரைந்த வை. மு. கோபாலகிருஷ்ணமாச்சாரியாரின் பெயரால், தமிழ் கற்றோர் அனைவரும் இம்முன்னெழுத்துகளை அறிவர். அத்தகைய குடும்பத்துக்கு வந்த மருமகள், பாசுரங்களையும் கதைகளையும் கேட்டுக் கேட்டே மனத்தில் நிறைத்துக்கொண்டார். பிறகு வீட்டுக் குழந்தைகளையும் அண்டைவீட்டுக் குழந்தைகளையும் கூட்டி வைத்துக்கொண்டு கதை சொல்லத் தொடங்கினார். கேட்ட கதைகள் தீர்ந்தபின் தாமே புதியன புனைந்தார். கணவர் பார்த்தசாரதி அதைக் கவனித்தார். பெண்கள் வெளியே செல்வதையே குறையாகப் பேசிய அந்நாளில், அவர் மனைவியை நாடகங்களுக்கு அழைத்துச் சென்றார். மேடையில் கண்ட நாடகங்கள் கோதைநாயகிக்கு ஓர் ஆசையைத் தந்தன. தாமும் ஒரு நாடகம் இயற்றவேண்டும் என்பதே அது.

நாடகம் நெஞ்சில் உருவாகிவிட்டது. எழுத வேண்டுமே! தடையின்றி எழுதும் பழக்கம் அவருக்கு அப்போது இல்லை. அவருக்குத் தாயின் பெயரையே கொண்ட ஒரு தோழி இருந்தார். கோதைநாயகி சொல்லச் சொல்ல அந்தப் பட்டம்மாள் எழுதினார். இவ்வாறு உருவான 'இந்திர மோகனா' என்னும் நாடகம் 1924ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தது. அப்போது ஆசிரியருக்கு வயது இருபத்திரண்டு. இலக்கிய வரலாற்று நூல்களில் பட்டம்மாளைப் பற்றி ஓரிரு வரிகளுக்குமேல் இருப்பதில்லை. எனக்கோ இவ்வரலாற்றில் மிகவும் பிடித்தவர் அவரே. தோழியின் கதையில் தம் கதையைக் கலக்காமல், தோழியின் சொல்லைத் தம் கையால் தாளுக்குக் கொண்டுவருவது எளிய வேலை அன்று.

நூல் வரவேற்பைப் பெற்றது. அதன்பின் கோதைநாயகி தம் கையாலேயே எழுதப் பழகினார். வளர்ந்தபின் எழுத்தைப் பழகுவதில் உள்ள கூச்சத்தை அவர் பொருட்படுத்தவில்லை.

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழும். நூல் எழுதினால் வயிறு நிறையுமா? அக்காலத்தில் பெரும்பாலும் நிறையவில்லை. கையெழுத்துப் படியை விலைகொடுத்து வாங்கி, அச்சிட்டு, நாடெங்கும் விற்றுத்தரும் பதிப்பகங்கள் மிகச் சிலவே. எழுத்தாளரே தாளுக்கும் அச்சுக்கும் கட்டுமானத்துக்கும் பணம் தேடவேண்டும். அச்சான நூல்களை அவரே விற்கவேண்டும். விற்காதவை வீட்டு மூலையில் அடுக்கப்பட்டிருக்கும். மகாகவி பாரதியாரே இவ்வழியில் முயன்று தோற்றவர். 1920ஆம் ஆண்டில் கடையத்தில் இருந்தபோது, தம் எழுத்துகளை நாற்பது நூல்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் பதினாயிரம் படிகள் அச்சிடத் திட்டமிட்டார். அதற்குக் கடன்தொகை வேண்டி நண்பர்களுக்கும் அன்பர்களுக்கும் அச்சிட்ட மடல் அனுப்பினார். பணம் வரவில்லை. மீண்டும் சென்னைக்கு வந்து செய்தித்தாளில் பணிபுரிந்த அவர், 1921 செப்டம்பரில் திருவல்லிக்கேணியில் காலமானார். கோதைநாயகி வாழ்ந்ததும் அதே திருவல்லிக்கேணிதான். பாரதியார் மறைந்து மூன்றாண்டுகளுக்குப் பின், சில தெருக்கள் தள்ளி வாழ்ந்த ஓர் இளம்பெண் அதே கடினமான வழியில் கால் வைத்தார்.

அவ்வழியில் வெற்றி கண்ட ஒருவரும் அங்கேயே இருந்தார். வடுவூர் துரைசாமி ஐயங்கார் அரசுப் பணியை விட்டுவிட்டு எழுத்தையே தொழிலாகக் கொண்டவர். 'மனோரஞ்சனி' என்னும் இதழின் வாயிலாகத் துப்பறியும் புதினங்களை வெளியிட்டு, நல்ல வருவாய் ஈட்டினார். கோதைநாயகி தம் முதற் புதினமாகிய 'வைதேகி'யை எழுதியபோது துணைநின்றவர் அவர். அக்காலத்தில் 'ஜகன்மோகினி' என்றோர் இதழ் நடைபெறாமல் நின்றுபோயிருந்தது. அதை ஏற்று நடத்துமாறு அவர் அறிவுரை கூறினார். 1925ஆம் ஆண்டில் கோதைநாயகி அவ்விதழின் ஆசிரியரும் உரிமையாளரும் ஆனார்.

அவர் ஏன் நூலாக மட்டும் வெளியிடாமல், இதழை ஏற்றார்? நூலை விற்பவர் முதலில் செலவு செய்து, பின்னர் வாங்குவோரைத் தேடுகிறார். இதழை நடத்துபவரோ சந்தாத் தொகையை முன்னரே பெறுகிறார். அடுத்த மாதத் தாளுக்கான பணம் வாசகரிடமிருந்தே வந்துசேர்கிறது. இத்தனை பேர் படிப்பர் என்பதும் முன்னரே தெரிகிறது. ஆகவே படிகள் வீணாவது குறைவு. தொடராக வந்து முடிந்த கதையைப் பின்னர் தனி நூலாகவும் விற்கலாம். ஒரே உழைப்புக்கு இருமுறை ஊதியம் கிட்டும்.

இதற்கு அஞ்சல் துறையும் துணைசெய்தது. 1898ஆம் ஆண்டின் இந்திய அஞ்சல் சட்டப்படி, பதிவுபெற்ற இதழ்களைக் குறைந்த கட்டணத்தில் அனுப்ப முடிந்தது. அதற்கு நிபந்தனைகள் இருந்தன. இதழ் முப்பத்தொரு நாளுக்கு மேற்படாத இடைவெளியில் தவறாது வெளிவர வேண்டியிருந்தது. உண்மையான சந்தாதாரர் பட்டியலும் தேவைப்பட்டது. ஒருமுறை மட்டும் அச்சாகும் நூலுக்கு இச்சலுகை இருக்கவில்லை. மாதந்தோறும் வரும் இதழுக்கு இருந்தது. தனி நூல்களுக்கு வி.பி.பி. முறை இருந்தது. அஞ்சற்காரர் நூலை வீட்டில் கொடுத்துப் பணத்தைப் பெற்று, அனுப்பியவருக்குச் சேர்ப்பார். இதனால் கடைவீதிக்குச் செல்ல இயலாத பெண்ணும் வீட்டிலிருந்தபடியே நூல் வாங்க முடிந்தது. சென்னையிலிருந்து மும்பைக்குச் செல்லும் அஞ்சல் வண்டி நம் ரேணிகுண்டா நிலையத்தில் நின்று போவதை நீங்கள் அறிவீர்கள். உங்களுள் பலரின் தந்தையர் இரயில்வேயில் பணிபுரிவதால், அந்த வண்டியின் நேரம்கூட உங்களுக்கு மனப்பாடம். அஞ்சல் வண்டி என்னும் பெயர் அதற்கு வீணாக வந்ததன்று. கடிதங்களும் இதழ்களும் மூட்டை மூட்டையாக அவ்வண்டிகளில்தான் ஊர் ஊராகச் சென்றன. அந்நாளில் நம் ஊரும் சென்னை மாகாணத்தில், சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1953ஆம் ஆண்டில்தான் ஆந்திர மாநிலம் பிரிந்தது.

'வைதேகி' ஜகன்மோகினியில் வெளிவரத் தொடங்கியதும் சந்தாதாரர் பெருகினர். எதிர்ப்பும் பெருகியது. ஒரு பெண் வீட்டில் அமர்ந்து காதல் கதையும் துப்பறியும் கதையும் எழுதுவதா, தம் பெயரை அட்டையில் அச்சிட்டு வெளியிடுவதா என்று பலர் இகழ்ந்தனர். இவர் எழுதவில்லை, ஓர் ஆண்மகன் எழுதி இவர் பெயரை இடுகிறார் என்றும் சிலர் பேசினர். இவ்வகைப் பேச்சுக்கு மறுமொழி கூறுவது கடினம். நான் எழுதினேன் என்று எத்தனை முறை சொன்னாலும் நம்பாதவர் நம்பமாட்டார். கோதைநாயகி சொல்லிக்கொண்டிருக்கவில்லை, அடுத்த புதினத்தை எழுதினார். அதன்பின் மற்றொன்றையும் எழுதினார். ஆண்டுகள் செல்லச் செல்ல, அந்த ஐயம் தானே வலுவிழந்தது.

இதழாசிரியரின் மாதம் எவ்வாறு கழிந்திருக்கும் என எண்ணிப் பாருங்கள். தொடரின் அடுத்த பகுதியை எழுதவேண்டும். பிறர் அனுப்பிய கதை கட்டுரைகளைப் படித்துத் திருத்தவேண்டும். அச்சுப்படியில் பிழை பார்க்கவேண்டும். அக்காலத்தில் ஒவ்வோர் எழுத்தையும் ஈயத்தில் வார்த்த அச்சாகக் கையால் எடுத்துக் கோப்பார்கள். தமிழில் உயிர்மெய் எழுத்துகள் மிகுதி. ஆகவே பிழையும் மிகுதி. பின்னர் உறையிட வேண்டும், முகவரி எழுத வேண்டும், வராத சந்தாவுக்கு நினைவூட்ட வேண்டும். கணவர் பார்த்தசாரதி நிருவாகத்தில் துணைநின்றார். காலப்போக்கில் வெளி அச்சகங்களை நம்பியிராமல், சொந்த அச்சகமும் அமைந்தது. எழுதியவரே, வெளியிட்டவரே, அச்சிட்டவரே, விற்றவரே! தமிழ்ப் பெண் எழுத்தாளருள் அவ்வளவையும் ஒருங்கே செய்தவர் அதற்கு முன் அரிது.

அவருடைய கதைகளில் விதவையர் துயரம், வரதட்சிணைக் கொடுமை, குடிப்பழக்கம், பொருந்தா மணம் ஆகியவை மீண்டும் மீண்டும் வரும். விறுவிறுப்பான திருப்பங்களும் உண்டு. உண்மையைச் சொன்னால், சில இடங்களில் அறிவுரை நீண்டுவிடும். தற்செயல் நிகழ்ச்சிகள் அளவுக்கு மீறி நிகழும். மாதந்தோறும் காலக்கெடுவுக்குள் எழுதும் எழுத்தில் அவ்வாறு நேர்வதுண்டு. ஆயினும், எழுத்தறிந்த பெண்கள் மிகச் சிலராக இருந்த காலத்தில், அடுக்களை வேலை முடிந்தபின் கையில் எடுக்கத்தக்க ஒன்றை அவர் அளித்தார். அடுத்த இதழில் என்ன நேருமோ என்னும் ஆவலே பலருக்குப் படிக்கும் பழக்கத்தைத் தந்திருக்கும். பிற பெண்களின் எழுத்துக்கும் அவ்விதழில் இடம் இருந்தது.

1925ஆம் ஆண்டில் காந்தியடிகள் சென்னைக்கு வந்திருந்தார். சீனிவாச ஐயங்காரின் இல்லத்தில், அவர் மகள் அம்புஜம்மாளின் வாயிலாகக் கோதைநாயகி காந்தியடிகளைச் சந்தித்தார். அன்றுமுதல் பட்டாடையும் நகையும் துறந்து கதர் அணிந்தார். நல்ல குரல்வளம் கொண்ட அவர், கூட்டங்களில் நாட்டுப் பாடல்களைப் பாடினார். மேடையில் சொற்பொழிவும் ஆற்றினார். 1930களின் தொடக்கத்தில் கள்ளுக்கடை மறியலிலும் அயல்நாட்டுத் துணி மறுப்பிலும் ஈடுபட்டுச் சிறை சென்றார். இதழின் உரிமையாளர் சிறையிலிருந்தால் இதழ் என்னவாகும்? முப்பத்தொரு நாள் நிபந்தனை சிறைக்கம்பிகளை அறியாது. சந்தாதாரரும் பணம் கட்டிக் காத்திருப்பர். ஆனாலும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. வேலூர்ச் சிறையில் இருந்தபோதே 'உத்தமசீலன்' என்னும் புதினத்தை எழுதினார். வேலூர் இங்கிருந்து தொலைவில் இல்லை. காட்பாடி செல்லும் வண்டியில் ஏறினால் சில மணி நேரத்தில் சென்றுவிடலாம்.

அவருடைய கதைகள் திரைப்படங்களாகவும் வந்தன. 1937இல் 'ராஜ்மோகன்', 1938இல் 'அநாதைப் பெண்', அவர் மறைந்தபின் 1966இல் 'தயாநிதி' என்னும் புதினத்தைத் தழுவிய 'சித்தி' ஆகியவை அவற்றுட் சில. 'சித்தி'யை உங்கள் தாத்தா பாட்டி பார்த்திருக்கக் கூடும், கேட்டுப் பாருங்கள்.

இரண்டாம் உலகப்போர் வந்தது. காகிதம் கட்டுப்பாட்டுப் பொருளாயிற்று. 1942இல் குண்டுவீச்சுக்கு அஞ்சிச் சென்னை மக்கள் கூட்டங்கூட்டமாக வெளியூர்களுக்குச் சென்றனர். முகவரிகள் மாறின, பர்மாவுக்கும் மலாயாவுக்கும் தமிழ் இதழ்கள் செல்லும் கடல்வழி அடைபட்டது. பெரிய நிறுவனங்களே திணறிய அந்நாளில், ஒரு குடும்பம் தாங்கி நடத்திய இதழின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை. எனினும் ஜகன்மோகினி போரைக் கடந்து நின்றது. நாடு விடுதலை பெற்றதையும் கண்டது. 1948இல் காந்தியடிகள் மறைந்தபின், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உதவ அவர் பெயரால் ஒரு சங்கத்தைக் கோதைநாயகி நிறுவினார். விடுதலைப் போராட்டத் தொண்டுக்காக அரசு தமக்கு அளித்த பத்து ஏக்கர் நிலத்தை வினோபா பாவேயின் பூதான இயக்கத்துக்கு வழங்கிவிட்டார்.

அவருக்கு ஒரே மகன், பெயர் சீனிவாசன். 1956ஆம் ஆண்டில் அவர் இறந்தார். தாயால் அத்துயரத்திலிருந்து மீள இயலவில்லை. உடல் நலிந்தது, காசநோய் பற்றியது. தாம்பரத்தில் உள்ள காசநோய் மருத்துவமனையில் 1960ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள் அவர் உயிர் பிரிந்தது.

இதன்பின் நடந்ததையும் சொல்லவேண்டும். 115 புதினங்கள் எழுதியவரின் நூல்கள், சில ஆண்டுகளுக்குள் கடைகளில் கிடைப்பது அரிதாயிற்று. திறனாய்வாளர் பலர் அவரை வெறும் பொழுதுபோக்கு எழுத்தாளர் எனக் கருதிப் பட்டியலில் சேர்க்கவில்லை. இது ஒரு காரணம். மற்றொரு காரணமும் உண்டு என நான் எண்ணுகிறேன். அவருடைய நூல்களை அச்சிட்டதும் விற்றதும் அவருடைய இல்லமே. இல்லம் ஓய்ந்தவுடன், மறுபதிப்புச் செய்யவேண்டும் என்று கருத வேறொருவர் இல்லை. பிறரைச் சாராமல் வாழ்ந்ததற்கு அவர் கொடுத்த விலை அது. பதிப்பகத்தை நம்பிய எழுத்தாளர் உயிரோடு இருக்கையில் வறுமையுற்றார். தம்மை நம்பிய எழுத்தாளர் மறைந்தபின் மறக்கப்பட்டார். எது மேல் என்று என்னால் சொல்ல இயலவில்லை. அண்மைக் காலத்தில் ஆய்வாளர்கள் பழைய ஜகன்மோகினி இதழ்களைத் தேடி எடுத்துப் படிக்கின்றனர். சில புதினங்கள் மீண்டும் அச்சேறியுள்ளன.

சென்ற ஆண்டு இப்பாடத்தை நடத்தியபோது, கடைசி வரிசையில் அமர்ந்திருந்த ஒரு மாணவி, அம்மாவின் ஊரில் ஏரி உடைந்த கதையைச் சொன்னாள். அருகில் இருந்தவள் அதை எழுதினாள். எழுதி முடித்ததும் ஐயம் ஒன்று எழுந்தது: தாளின் அடியில் யார் பெயரை இடுவது? இருவரும் வெகுநேரம் வாதிட்டனர். 'இந்திர மோகனா'வின் அட்டையில் கோதைநாயகியின் பெயர் மட்டுமே இருந்ததை நான் நினைவூட்டினேன். அவர்களோ இரண்டு பெயரையும் எழுதித் தந்தனர்.

பயிற்சி: இருவர் இருவராக அமருங்கள். ஒருவர் தம் வீட்டில் கேட்ட கதையைச் சொல்ல, மற்றவர் எழுதுக. எழுதுபவர் தம் விருப்பப்படி கதையை மாற்றுதல் கூடாது. பிழைகளை இருவரும் சேர்ந்து திருத்தியபின், எழுதும் பணியை மற்றவர் ஏற்றுக்கொள்ளட்டும். யார் பெயரை எவ்விடத்தில் இடுவது என்பதை நீங்களே முடிவு செய்து, அதற்குரிய காரணத்தை மூன்று வரிகளில் எழுதுக.